சம்பந்தியம்மா குளியலறையில், திருப்புளி கப்பலில்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அந்தக் குளிர் தேசத்தில், மகள் வீட்டில், தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே 'அனைவரும்' என்று எழுதியதில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் தங்கள் துணைவியாரும் அடக்கம். அவர் இப்போது கூடத்தில் உட்கார்ந்து என் மனைவியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துத் தங்களுக்குப் படபடப்பு வந்துவிடக்கூடாது. எனக்கு வந்ததே இரண்டு குடும்பத்துக்கும் போதும்.

நேற்றுக் காலை சம்பந்தியம்மா குளிக்கப் போனார். குளித்து முடித்துக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, கேக்குதா? கைப்பிடி கழண்டு கையோட வந்துருச்சு."

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"இப்ப எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். என் கையிலதான இருக்கு."

பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் அம்மாவைக் குளியலறையில் பூட்டி வைத்தான் என்று நாளைக்கு நாலு பேர் பேசினால் என் நிலைமை என்ன? தச்சருக்குப் போன் போட்டேன், வெளியூரில் இருந்தார். ஆனாலும் நான் தளரவில்லை, ஏனென்றால் போன மாதம்தான் பெரிய கடையில் ஒரு கருவிப் பெட்டி வாங்கியிருந்தேன், மூடியின் மேல் கொட்டை எழுத்தில் 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று போட்டிருந்தது, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே நெஞ்சு நிமிர்ந்திருந்தது, வெளிப்பக்கத் தகட்டின் நாலு திருகையும் கழற்றினால் கதவு திறந்துவிடும், இது ஒரு வேலையா என்று திருப்புளியை எடுத்து ஒரு திருகு திருகினேன், திருகு அசையவில்லை, திருப்புளியின் நுனிதான் கோபித்துக்கொண்ட மாமனைப் போல முறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. சரி, தட்டி இளக்குவோம் என்று சுத்தியலை ஓங்கினேன். பிடி என் கையில் இருந்தது, தலையைக் காணோம். அது என் மனைவியின் காதை உரசாத குறையாகப் பறந்துபோய்த் தண்ணீர் அண்டாவில் விழுந்திருக்கிறது. குறட்டால் திருகின் தலையைக் கவ்வி இழுத்தேன். குறடு கதவிலேயே நிற்க, அதன் ரப்பர் உறை மட்டும் உருவிக்கொண்டு வர, நான் தரையில் மல்லாந்தேன்.

"சம்பந்தி, யாராவது விழுந்தாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லீங்க, நான்தான்."

என் மனைவி தலை முதல் கால் வரை நனைந்து நின்றாள். "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. உங்க கையில இதெல்லாம் வித்தாங்களே, அவங்களைச் சொல்லணும்" என்றாள்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். நான் நூலகத்தில் வேலை பார்த்தவன், 'சத்தம் போடாதீங்க' என்று பிறரைச் சொல்லியே ஓய்வு பெற்றவன். நேற்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழே போட்டுவிட்டார்.

"உள்நாட்டுத் தயாரிப்புன்னு எழுதியிருக்கே, இதுதான் அந்த லட்சணமா?"

"பெட்டி இங்க செஞ்சதுதான் சார். உள்ள இருக்கறதப் பத்தி நாங்க ஒண்ணும் எழுதலையே."

நிஜமாகவே இங்கே செய்த நல்ல திருப்புளி ஒன்று கொடு என்றேன். கண்ணாடி அலமாரியைச் சாவி போட்டுத் திறந்து, கைக்குழந்தையை எடுப்பதுபோல ஒன்றை எடுத்தார். விலையைக் கேட்டதும் இது திருகைக் கழற்றுமா, என் வீட்டையே கழற்றிக்கொண்டு போகுமா என்று சந்தேகம் வந்தது. "இத வேலைக்கு யாரும் வாங்கறதில்ல சார், மாட்டி வைக்கத்தான் வாங்கறாங்க" என்றார்.

"நடுவுல ஒண்ணும் இல்லையா? நல்லதாவும் இருக்கணும், நான் வாங்கற மாதிரியும் இருக்கணும்."

"நல்லா இருந்தா ஒரு தடவதான சார் வாங்குவீங்க? அப்புறம் நான் யாருக்கு விக்கறது?"

பக்கத்தில் போல்ட் வாங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒரு பட்டறை இருக்கு, போய்ப் பாருங்க" என்றார்.

போனேன். சம்பந்தி, என் கண்ணை நானே நம்பவில்லை. நீளமான மேசைகளில் வரிசை வரிசையாகத் திருப்புளிகள், குறடுகள், ஸ்பானர்கள். பச்சைப் பிடி, கையில் எடுத்தால் கைக்கென்றே வளர்ந்தது போல உட்காருகிறது. பட்டறை முதலாளியம்மா போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். விலையைக் கேட்டேன். சொன்னார். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவ்வளவு மலிவு.

"ஒண்ணு குடுங்கம்மா."

"இங்க விக்கறதில்லீங்க. எல்லாம் ஏற்றுமதி."

"நீங்க இந்த நாட்டுக்காரங்கதான?"

"நான் இந்த நாடுதாங்க. என் சரக்குதான் வெளிநாடு."

"ஏம்மா, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"இங்க கடைக்குக் கொண்டு போனா, 'இது உடையவே உடையாதா? அப்ப வேணாம்'ங்கறாங்க. அங்க உடைஞ்சா சண்டைக்கு வர்றாங்க. சண்டைக்கு வர்றவனுக்குத்தான நல்லதாக் குடுக்க முடியும்?"

பெட்டி பெட்டியாக அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மானத்தை விட்டு, "அம்மா, எங்க சம்பந்தியம்மா குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

அவர் போனை அப்படியே கீழே வைத்தார். "சம்பந்தியம்மான்னா, மாப்பிள்ளையோட அம்மாவா?"

"ஆமா."

"அட கடவுளே, இத மொதல்லயே சொல்ல வேண்டாமா!" கைக்கு அகப்பட்ட ஒரு திருப்புளியை எடுத்து என் கையில் திணித்தார். "காசு அப்புறம் பாத்துக்கலாம். ஓடுங்க!"

ஓடினேன். நாலு திருகும் வெண்ணெயில் கத்தி போனதுபோல வந்தன. கதவைத் திறந்தால் இன்னொரு அதிர்ச்சி. என் மனைவி வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், தங்கள் துணைவியார் உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், இருவர் கண்ணிலும் சிரித்துச் சிரித்து நீர். இத்தனை வருஷச் சம்பந்தத்தில் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி இவர்கள் பேசி நான் கேட்டதில்லை. முகம் பார்க்காமல் பேசினதில் எல்லாம் வெளியே வந்துவிட்டதாம். நடுவில் புகுந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள் என் மனைவி. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தங்கள் குறட்டையைப் பற்றியும் பேச்சு வந்தது என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே சம்பந்தி, தாங்கள் அங்கிருந்து எனக்கு ஒரு கருவிப் பெட்டி வாங்கி வரப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். அன்புக்கு நன்றி. வேண்டவே வேண்டாம். இந்தத் திருப்புளியைப் பிடித்த கை இனி அந்நியச் சரக்கைத் தொடாது.

தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுமுன், காசு கொடுக்கப் பட்டறைக்குப் போய் வந்தேன். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அவசரத்துல என் சொந்தத் திருப்புளியக் குடுத்துட்டேன் சார். அது வெளிநாட்டுது. திருப்பிக் குடுங்க." ஏன், உங்கள் சரக்கை நீங்களே வைத்துக்கொள்ள மாட்டீர்களா என்றேன். "எங்க சார், ஒண்ணு விடாம கப்பல் ஏறிடுதே" என்றார். தாங்கள் இருக்கும் ஊர்க் கடைகளில்தான் அவருடைய சரக்கு கிடைக்குமாம். பச்சைப் பிடி. பையில் இடமிருந்தால் தயவுசெய்து இரண்டு வாங்கி வரவும். ஒன்று அந்த அம்மாவுக்கு.