சரிம்மா சாரின் ஒரே வாக்கியம்

இனிமேல் இந்தக் குடும்பத்தில் பேசப்போவது தான்தான் என்று சரிம்மா சார் முடிவு எடுத்தார். எடுத்தது மனசுக்குள். வெளியே சொல்ல வேண்டுமென்றால் யாராவது அவரைப் பேசவிட வேண்டுமே.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருந்தது. தெருவில் அவர் சரிம்மா சார்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அதிகம் வெளிவந்த சொல் அதுதான் என்பதால் தெரு அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. காய்கறி வண்டிக்காரர், கேஸ் கொண்டுவருபவர், குழாய் ரிப்பேர்காரர் என்று யார் வந்தாலும் பேசுவது அவருடைய மனைவி. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவர். இவருக்கு வாய் இருந்தது, வாய்ப்புதான் இல்லை.

தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் கிடங்குப் பொறுப்பாளர். அந்தக் கம்பெனி பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் புதுக் கிடங்கு திறந்து, இவரை அங்கே போகச் சொன்னது. மாற்றல் என்றால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இவருக்கு வயிற்றில் பால் வார்த்தது. அந்த ஊரில் பேசுவது வேறு பாஷை. அது இவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அவளுக்கும் தெரியாது. மாற்றலுக்கு முன்னால் ஒரு 'ஏ' போட்டால் என்ன ஆகும் என்பதை அப்போது அவர் யோசிக்கவில்லை.

பேசி அப்படி என்ன கோட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று கேட்கலாம். கோட்டை வேண்டாம், ஒரு சின்ன வீடு போதும் என்பதுதான் அவர் கேட்டதே. இருவர் இருக்க இரண்டே அறை. மூன்றாவதாக ஒரு அறை இருக்கவே கூடாது. மூன்றாவது அறை இருந்தால் அதில் மச்சினன் இருப்பான். "ரெண்டே நாள் மாமா, கிளம்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டு வருவான். பிறகு இவருடைய சாய்வு நாற்காலி அவனுடையது. டிவியும் அவனுடையது. இவர் முக்காலியில் உட்கார்ந்து, அவன் பார்க்கும் மல்யுத்தத்தைப் பார்க்க வேண்டும். அவன் ரெண்டு நாளில் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. அதனாலேயே சரிம்மா சார் அவனுக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'ரெண்டு நாள்'. இந்த மாற்றலோடு ரெண்டு நாளின் கதையை முடித்துவிட வேண்டும். புது ஊரில் வீட்டைத் தானே பேசி, தானே முடித்துவிட்டால் தீர்ந்தது.

அதற்கு அந்தப் பாஷை வேண்டும். தெருமுனையில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் கடையில் ஒரு டெய்லர் இருந்தார். அந்தப் பக்கத்துக்காரர். இங்கே வந்து தலை நரைத்துப்போனவர், தமிழைத் தமிழர்களைவிடத் தெளிவாகப் பேசுவார். சரிம்மா சார் ஒரு பேன்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்து, பாஷையும் பிடிக்க வேண்டும் என்றார். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். டெய்லர் தலையை ஆட்டினார்.

பாடம் தொடங்கியது. ஆனால் அந்த வயசில் மண்டைக்குள் எதுவும் இறங்குவதாக இல்லை. தண்ணீருக்கு உள்ள சொல்லை வாடகைக்குச் சொன்னார். இடது பக்கம் என்பதற்கு மாமியார் என்றார். இதற்கிடையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிடித்த இடுப்பை விட்டார், விட்ட இடுப்பைப் பிடித்தார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, போன வாரம் பிடிச்சீங்க, இந்த வாரம் விட்டீங்க. இது இடுப்பா, ஆர்மோனியமா?"

"சாப்பாட்டைப் பொறுத்து மாறுதும்மா."

"யார் போடற சாப்பாடு?"

"சரிம்மா."

"நல்ல டெய்லர்தான். என் ரவிக்கையெல்லாம் அவர்தானே தைக்கறார். யாருக்கு என்ன பொருந்துமோ அதைத் தைப்பார்" என்று சொல்லிவிட்டு அவள் மடிப்பதைத் தொடர்ந்தாள். சரிம்மா சார் பெருமூச்சு விட்டார். தப்பித்தாகிவிட்டது.

அன்றைக்கே டெய்லரிடம் போய், இந்தச் சில்லறைச் சொல்லெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும் என்றார். ராஜா என்ன, கடைத்தெருவில் பேரமா பேசுகிறார்? ஒரு வாக்கியம் சொல்வார், ஊர் நடுங்கும்.

"என்ன வாக்கியம் சார்?"

"'எங்க வீட்ல எல்லாம் நான்தான். எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. நான் சொல்றதுதான் முடிவு.' இதை உங்க பாஷையில சொல்லிக் குடுங்க. கேக்கறவன் அசந்து போகணும்."

டெய்லர் வாயிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். பெரிய விஷயம், கௌரவமான சொற்களாகப் பார்த்துக் கோக்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாள் வாக்கியம் தயாராக இருந்தது. நீளமான வாக்கியம். நடுவில் ஒரு இடத்தில் தடதடவென்று உருண்டு, கடைசியில் கதவைச் சாத்தியதுபோல நின்றது. சரிம்மா சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். கிடங்கில் வரிசையாக அடுக்கியிருந்த பம்புகளைப் பார்த்துச் சொன்னார். சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீடு பார்க்க இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் கவலைப்பட்டாள். அந்த ஊரில் தனக்கு ஒரு வார்த்தை தெரியாதே, ஊமையைப் போல நிற்க வேண்டுமே என்றாள். நான் எதற்கு இருக்கிறேன் என்றார் சரிம்மா சார். இப்படி ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். சொன்னதே இல்லை.

பஸ் நிலையத்தில் வீட்டுத் தரகர் காத்திருந்தார். குடையும் வெற்றுச் சிரிப்புமாக ஒரு மனிதர். ஏதோ கேட்டார். சரிம்மா சார் நெஞ்சை நிமிர்த்தி வாக்கியத்தை எடுத்து விட்டார். தரகர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இவருடைய மனைவியின் பக்கம் திரும்பி, மிகப் பணிவாக ஏதோ சொன்னார். ஆள் மிரண்டுவிட்டான், நேரே நம்மைப் பார்த்துப் பேசப் பயப்படுகிறான் என்று சரிம்மா சார் நினைத்துக்கொண்டார்.

முதல் வீடு கிடங்குக்குப் பின்சந்தில் இருந்தது. இரண்டே அறை. சாய்வு நாற்காலி போட ஜன்னலோரம் அளவெடுத்து வைத்ததுபோல ஒரு இடம். ஒருவர் குறுக்கே படுத்தால் இன்னொருவர் நடக்க முடியாது. ரெண்டு நாள் வந்தால் ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டான். சரிம்மா சாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார். சரிம்மா சார் வாக்கியத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் உடனே சரிம்மா சாரின் மனைவியைப் பார்த்தார். அவள் அடுக்களையை எட்டிப் பார்த்தாள், இல்லை என்று தலையை ஆட்டினாள். தரகர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரிம்மா சார் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னார். தரகர் புரிகிறது புரிகிறது என்பதுபோல அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அம்மாளுக்குக் குடை பிடித்தபடி முன்னால் நடந்தார். என்ன மரியாதை கெட்ட ஊர் இது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் எவ்வளவு அழுத்திச் சொல்கிறாரோ, அவ்வளவு வேகமாக எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

இரண்டாவது வீடு மாடியில் இருந்தது. காற்று, வெளிச்சம், அகலமான அடுக்களை. கடைசியில், எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, தனி வாசலோடு மூன்றாவது அறை. அதைப் பார்த்ததுமே அவருக்கு மல்யுத்தச் சத்தம் காதில் கேட்டது. இதை இங்கேயே தடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே, கையை உயர்த்தி, முழு வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் நிறுத்தி முழங்கினார்.

வீட்டுக்காரர் திகைத்தார். உள்ளே இருந்த அவருடைய மனைவி ஈரக்கையோடு ஓடி வந்து, மறுபடி சொல்லச் சொல்லி சைகை செய்தாள். சரிம்மா சார் மறுபடி சொன்னார், முன்னைவிட நன்றாக. அந்த அம்மாள் அதைக் கண் விரியக் கேட்டாள். பிறகு திரும்பித் தன் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் முகம் தொங்கிப் போயிற்று. இதற்குள் சரிம்மா சாரின் மனைவி மூன்றாவது அறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, சரி என்று ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள். தரகர் கைகுலுக்கினார். சாவி அவள் கைக்குப் போயிற்று.

இரண்டு பெண்களும் அடுக்களைக் குழாயைத் திறந்து பார்க்கப் போன சமயம், வீட்டுக்காரர் சரிம்மா சாரைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார். தட்டுத் தடுமாறி வந்தது தமிழ். சரிம்மா சாரின் ஊரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம். இவர் தங்கள் பாஷையை அவ்வளவு அழகாகப் பேசியதால், தன் ஓட்டைத் தமிழை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்ததாம்.

"ஆனா சார், அதை எதுக்கு என் பொண்டாட்டி முன்னாடி சொன்னீங்க? இனி என் வீட்ல எனக்கு நிம்மதி இல்ல."

"எதை?"

"அதான் சார். 'எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டம்மாவைக் கேளுங்க. அவங்க சொல்றதுதான் முடிவு.' ஒரு தடவை சொன்னாப் போதாதா? கையை வேற தூக்கிக்கிட்டுச் சொல்றீங்க."

சரிம்மா சார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அதை மனப்பாடம் செய்து, பம்புகளிடம் ஒத்திகை பார்த்து, பஸ் ஏறிப்போய் வைத்துக்கொண்டவர் தாம் ஒருவர்தான் என்று தோன்றியது.

திரும்பி வரும் பஸ்ஸில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அது வழக்கம்தான் என்பதால் அவள் கவனிக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"டெய்லர் உன்கிட்ட சொன்னாரா?"

"கேட்டார். சார் இப்படி ஒண்ணு தைக்கச் சொல்றார், என்னம்மா பண்ணட்டும்னு கேட்டார். எனக்கு எது பொருந்துமோ அதைத் தைங்கன்னேன்."

"நீ அந்தப் பாஷை கத்துக்கிட்டியா?"

"நான் எதுக்கு? பேசறதுக்குத்தான் பாஷை வேணும். முடிவு பண்றதுக்குத் தலையாட்டினாப் போதும். பேசறதை நீங்கதான் அவ்வளவு தெளிவாப் பேசறீங்களே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மேலும் சொன்னாள்: "அந்தக் கடைசி ரூம் நல்லா இருக்கு இல்ல? தம்பி ரெண்டு நாள் வந்தா தங்கிக்குவான்."

வாய் வரைக்கும் வந்த கோபம் அங்கே பழகிய சொல்லாக மாறிவிட்டது.

"சரிம்மா."

மறுநாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக டெய்லர் கடைக்குப் போனார். பேன்ட் எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நியாயம் கேட்க வந்தவனுக்கு பேன்ட் எதற்கு? ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளைக்குச் செய்கிற காரியமா இது என்று கேட்டார். நம்பி வந்தவன் கழுத்தில் கத்தரிக்கோலை வைத்துவிட்டீர்களே என்றார். டெய்லர் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்பதற்கு ஒருவர் கிடைத்ததில் சரிம்மா சாருக்கு மனசு லேசானது, தைரியமும் வந்தது.

"சரி, போனது போகட்டும். சாவிதான் கை மாறியிருக்கு. இன்னும் சாமான் ஏத்தல, முன்பணம் குடுக்கல. நான் முதல்ல கேட்டேன் பாருங்க ஒரு வாக்கியம், அதைச் சொல்லிக் குடுங்க. நிஜமானதை. இப்பவே."

டெய்லர் மெஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழில் சொல்லச் சங்கடமாக இருந்ததோ என்னவோ, தன் தாய்மொழியிலேயே, மிகப் பணிவாக, நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

அந்த மொழியில் சரிம்மா சாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதனால் டெய்லர் சொன்னது ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்தது.