தனியாள் பெட்டியில் ஒரு புள்ளடி

கட்டிய மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று அரசாங்கத்துக்குச் சொல்லப் பார்த்தவன் நான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கனவு கண்டுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில் எனக்கு வேலை விசா, சுகந்திக்கு மாணவர் விசா. கார்த்திகையில் இரண்டு சாட்சிகளோடு எங்களுக்கு எழுத்து முடிந்திருந்தது. அதாவது, கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி பதிந்தாயிற்று. ஆனால் தாலி ஏறும்வரை எங்கள் ஆட்களுக்கு அது அரைக் கலியாணம்கூட இல்லை. அம்மாவுக்கு விசா கிடைத்து ஆவணியில் தாலி கட்டும்வரை நான் கோட்-டெ-நெய்ஜில் நண்பர்களோடு, அவள் நோத்ர-டாம்-த-கிரேஸில் சித்தி வீட்டில். சனிக்கிழமைகளில் ஒரு கோப்பி குடிக்கலாம். (அதுவும் சித்தியின் யன்னலுக்குத் தெரிகிற தூரத்தில்.)

பங்குனியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இலவசமாக வரிப் பத்திரம் நிரப்பித் தந்தார்கள். சுகந்திக்கு வருமானம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தந்த படிப்புச் செலவுத் துண்டுச்சீட்டு இருந்தது. அந்தச் சலுகையில் ஒரு பகுதியைக் கணவனின் வரியில் கழிக்கலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு ஒரே பூரிப்பு.

"நான் உங்களுக்குத் தாற முதல் பரிசு" என்று துண்டை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

வரிசை நீளம். சிறு யன்னலுக்கு வெளியே கடைசிப் பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அறையின் இளஞ்சூட்டில் நான் மெல்ல ஆவணிக்குப் போய்விட்டேன். மணவறை. மேளம். பட்டு வேட்டி வழுகாமல் உள்ளே ஒரு பெல்ட். பனியெல்லாம் அட்சதையாகி என் தலையில் விழுகிறது. சுகந்தி தலை குனிந்திருக்கிறாள். ஐயர் தாலியை என் கையில் தருகிறார்.

"தம்பி, கலியாணம் முடிச்சாச்சோ?"

ஐயர் ஏன் இதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன்.

"இல்லை ஐயா, இனித்தான் கட்டப்போறன்" என்றேன், பக்தியோடு.

கேட்டது அந்தோனி அண்ணை. மன்னார்க்காரர், அங்கே தொண்டாகப் பத்திரம் நிரப்புகிறவர். 'தனியாள்' என்ற பெட்டியில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு, சுகந்தியின் துண்டைப் பார்த்தார்.

"அப்ப இதை உமக்கு மாத்தேலாது. புருசன் பெண்சாதியா இருக்கோணும்."

மேளம் நின்றது. "அண்ணை, முடிச்சாச்சு! கார்த்திகையிலை எழுத்து முடிஞ்சுது!"

அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இப்பதானே இல்லையெண்டனீர். சலுகை எண்டோடனை முடிஞ்சுதோ?"

வரிசையே சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. எழுத்தன்று அவள் சேலை கட்டித் தலையில் பூ வைத்து வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அது ஒரு கடதாசி. அவளுக்கு அதுதான் கலியாணம்.

"நான் உங்களை முடிச்சு நாலு மாதம். நீங்கள் என்னை இன்னும் முடிக்கேல்லையோ?"

"நான் கனவிலை தாலி கட்டிக்கொண்டு நிண்டனான்…"

"ஆருக்கு?"

"உமக்குத்தான்!"

அண்ணை புள்ளடியை வெட்டித் திருத்திவிட்டு, சுகந்தியைக் காட்டினார். "மாத்துறதெண்டால் பிள்ளைதான் ஒப்பம் வைக்கோணும். இல்லாட்டி தன்ரை பேரிலை வைச்சிருந்து, உழைக்கேக்கை பாவிக்கலாம்." (இந்த இரண்டாவது வசனத்தை அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை.)

சுகந்தி துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நான் பேந்து உழைக்கேக்கை பாவிக்கிறன்."

ஆவணியில் தாலி கட்டும்போது, மேளச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப முடிச்சாச்சோ?"

எங்கள் கலியாண நாளை இன்றும் கார்த்திகையில்தான் கொண்டாடுகிறோம். ஆவணியை நான் வாயால்கூடச் சொல்வதில்லை. இப்போது ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டில் இருக்கிறோம். பங்குனி தோறும் மேசையில் வரிப் பத்திரத்தை விரித்து, சுகந்தி பேனையும் கையுமாக அதே கேள்வியைக் கேட்பாள். "முடிச்சாச்சு" என்று நான் உரக்கச் சொன்ன பிறகே பெட்டியில் புள்ளடி விழும்.

இந்த வருடம் அவள் கேட்டபோது வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கேள்வி காதில் விழவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மகள்தான் பதில் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. அப்பா இன்னும் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்."