இழுவைப் படகு உரையாடல் கண்காணிப்புப் பிரிவு

புதுச்சேரியில் கப்பல்களை இழுத்துக் கரைசேர்க்க இருப்பது ஒரே ஒரு இழுவைப் படகு. அதை ஓட்டும் அம்மாவாசை வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்பதற்கென்றே மேலிடம் ஒரு பிரிவைத் தோற்றுவித்தது. ஏசி அறை வந்தது, வயர்லெஸ் பேச்சைப் பிடித்துத் தரும் ஸ்கேனர் வந்தது, துணை இயக்குநராக விஜயராகவன் வந்தார். திருப்பிப் பேசும் கருவி மட்டும் வரவில்லை. கேட்கிற பிரிவுக்குப் பேச்சு எதற்கு என்று கோப்பு திரும்பிவிட்டது.

கேட்கும் வேலை தற்காலிக ஊழியர் செல்வாம்பாளுக்கு. அவள் அம்மாவாசையின் மனைவி. வீட்டில் அவன் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவளுக்கு, ஆபீசில் அதற்குச் சம்பளம்!

ஊருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஆளாளுக்கு ஆன்லைனில் ஸ்கேனர் வாங்கினார்கள். கடற்கரைச் சாலை காபிக் கடையில் பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவாசையை வைத்தார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா, "வஞ்சிரம் இல்ல, ஓவர்" என்றாள்.

அன்று காலை முகத்துவாரத்து மணல்திட்டில் படகு ஏறிவிட்டது.

"அடியில ஒடைஞ்சிடுச்சு! இன்ஜின் ரூமுல தண்ணி! யாராச்சும் வாங்க, ஓவர்!"

செல்வாம்பாள் விஜயராகவன் பக்கம் திரும்பினாள்.

"சார், படகு முழுவுது சார்! யாரையாச்சும் அனுப்புங்க!"

விஜயராகவன் கண்ணை மூடிக் கேட்டார். "என்னா க்ளியரும்மா! நம்ம பிரிவு வந்ததுலேர்ந்து இப்பிடி ஒரு சிக்னல் கெடைக்கல."

"அது எங்க வூட்டுக்காரரு சார்!"

"அப்போ நீங்க கேக்கவே கூடாதே, பாரபட்சம் ஆயிடும். வேற ஆள் போடச் சொல்லி எழுதறேன். அதுவரைக்கும் கேளுங்க."

அவள் படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே ராஜவேல் தன் விசைப்படகில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு கும்பலோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, கேட்டியா?"

"அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கோம். ஆபீசே கேக்குதே, நாம எதுக்குக் குறுக்கப் போறதுன்னு..."

அவள் விட்ட வசவை இங்கே அச்சேற்ற முடியாது. விசைப்படகு உடனே கிளம்பியது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கரையில் விஜயராகவன் மெமோவோடு காத்திருந்தார். செல்வாம்பாள் இருக்கையைவிட்டு எழுந்ததால், ஆபத்துக்கால உரையாடலின் பிற்பகுதி கண்காணிக்கப்படாமல் போனதாம்.

"பாருய்யா அநியாயத்த!" என்று அவள் புருஷனிடம் குமுறினாள். "ஊரே கேட்டுச்சு, ஒருத்தன் அசையல!"

அம்மாவாசை இருமிக்கொண்டே நிமிர்ந்தான். "மணல் ஏறிக்கினே வருது, வாரிப்போடுங்கன்னு போன மாசம் பூரா அதே வயர்லெஸ்லதான் கத்துனேன். நீயும் கேட்டுக்கினுதான இருந்த?"

செல்வாம்பாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, "ஒலித்தெளிவு நன்று, குறையேதுமில்லை" என்று தினமும் மேலே அனுப்பியவள் அவள்தான்.