பின்பக்கக் கூரையில் ஒரு யன்னல்

"நல்ல கிழவியைப் பிடித்து நீச்சல் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி இருக்கு."

நடைபாதையில் போன இரண்டு வெள்ளைக்காரப் பெண்களில் ஒருத்தி இப்படிச் சொன்னாள். வாசலில் பால்போத்தல் எடுக்கக் குனிந்த இந்திரகுமாரின் காதில் அது விழுந்தது. அவள் காட்டியது பக்கத்து வீட்டை. நூறு வயதான வீடு. அதன் முன்கூரையில் வெளிச்சத்துக்காகப் புதிதாக இரண்டு பிளாஸ்டிக் குமிழிகள் பொருத்தியிருந்தார்கள்.

 அதே குமிழியைத்தான் இந்திரகுமாரும் தன் வீட்டுக்குத் தெரிவு செய்து வைத்திருந்தார்.

சிட்னிக்கு வந்து நாலு வருடமாகிறது. எழுபத்தெட்டாம் ஆண்டில் மற்றத் தமிழர் எல்லாரும் நகரத்துக்கு வெளியே செவன் ஹில்ஸ் பக்கம் புது வீடு தேட, இவர் மட்டும் நகரத்துக்குள் ஒரு பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். படித்தது நீர்ப்பாசனம். ஆனாலும் கூரையைப் பற்றி அவருக்குக் கருத்து இல்லாமலில்லை.

அன்றே குமிழியைக் கைவிட்டார். பழைய வீடுகளின் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார். கடைசியில் மனதுக்குப் பிடித்தது ஒரு மெல்லிய இரும்புச் சட்டம். நடுவில் ஒரு கம்பி. கண்ணாடி மேலே துருத்தாமல், கூரையில் பதித்த சிலேட்டுக் கற்களோடு கல்லாகப் படுத்திருந்தது. வீட்டின் முகத்தைக் கெடுக்காமல் வீட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவருகிற யன்னல். நகரசபையும் அதற்குத்தான் சம்மதித்தது. ஆனால் பின்பக்கக் கூரையில் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று எங்கே என்பதில்தான் வில்லங்கம் வந்தது.

பின்பக்கத்தில் இரண்டு இடம் இருந்தது. மேலே கூரையறை, கீழே தாழ்வாரமாக இறங்கிய குசினி. இந்த வீட்டைக் கட்டியவன் ஒருநாளும் குசினிக்குள் நின்றிருக்க மாட்டான். முன்னறைக்கு ஆளுயர யன்னல் வைத்தவன், சமைக்கிறவளுக்குக் கையகலத் துவாரம் ஒன்றை விட்டிருந்தான், அதுவும் மதிலைப் பார்த்தபடி. மீன் கழுவினால் செதில் போனதா என்று பார்க்க, இந்த ஊர் யூலை மாதக் குளிரிலும் பின்கதவைத் திறந்துவைக்க வேண்டும். மனைவி சிவனேஸ்வரி ஒரு சட்டியைக் கையில் ஏந்தி வாசலுக்குப் போய்க் குழம்பின் நிறம் பார்த்துவிட்டுத் திரும்புவதை இந்திரகுமார் தினமும் பார்த்தார். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்.

அவருக்குக் கூரையறை வேண்டும். சீட்டுக் கூட்டாளிகள் சிறிதரனும் மற்ற இருவரும் வந்தால் அங்கே ஒரு மேசை, நாலு கதிரை, முந்நூற்றிநாலு சீட்டாட்டம், ஆளுக்கொரு சிகரெட். இதை அப்படியே மனைவியிடம் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமைப் பூசை அந்த வாரம் சிறிதரன் வீட்டில் நடந்தது. கோயில் இல்லாத ஊரில் குடும்பங்கள் முறைவைத்துக் கூடுவது வழக்கம். சுண்டல் கைக்கு வந்ததும் இந்திரகுமார் எல்லாரும் கேட்கும்படி அறிவித்தார். கூரையறையைச் சுவாமி அறையாக்கப் போகிறார். மேலிருந்து வெளிச்சம் சுவாமியின் மேல் விழவேண்டும் என்பது அவருடைய ஆசை. சிறிதரனின் மனைவி சத்தியபாமா கண் கலங்கினாள்.  மேலே சுவாமிப் படம் வைக்கும் பேச்சைச் சிவனேஸ்வரி ஒரு மாதத்தில் மறந்துவிடுவாள், பிறகு அறை தனக்குத்தான் என்று இவர் கணக்குப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சுவாமிப் படங்களைத் துடைத்து மேலே ஏற்றத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, இனி மேல சப்பாத்தோட ஏறக்கூடாது. மச்சம் மாமிசம் சாப்பிட்ட நாளில போகக்கூடாது. புகைக்கிறது, சீட்டு விளையாடுறது ஒண்டும் சரிவராது, என்ன?"

இந்திரகுமார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரு வழி தெரிந்தது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்ச பாரும், கோயில் கருவறையில எங்கையாவது யன்னல் இருக்கோ?"

"இல்லை."

"அதைத்தான் சொல்லுறன். சுவாமிக்கு இருட்டும் விளக்கும்தான் முறை. வெளிச்சம் விழுற அறை சுவாமிக்குச் சரிவராது. உமக்கு இதெல்லாம் விளங்காது."

சிவனேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்புக்கு மேலே கூரையைப் பார்த்தாள்.

"ஓம். நீங்கள் சொன்னாப் பிறகுதான் எனக்கும் படுது. அப்ப மேல யன்னல் வேண்டாம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் தொலைபேசியில் சத்தியபாமாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இவர் ஆகமம் எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார், கருவறை போல இருட்டாகவே விடச் சொல்லிவிட்டார், இப்படி ஒரு பக்தியை நான் கண்டதில்லை என்றாள். மறுமுனையில் சத்தியபாமா இதை எத்தனை வீட்டுக்குச் சொல்லப்போகிறாள் என்பது இந்திரகுமாருக்குத் தெரியும். பக்தியை மறுத்துப் பேசிய மனிதன் அடுத்த வெள்ளிக்கிழமை எங்கே போய்ச் சுண்டல் தின்பான்?

மறுநாள் இரும்புச் சட்டத்தோடு கூரை வேலைக்காரர் வந்தார். ஏணியைச் சாத்திவிட்டு, யன்னல் எந்த இடத்தில் என்று கேட்டார்.

சிவனேஸ்வரி புருஷனைப் பார்த்தாள்.

இந்திரகுமார் சோக்கட்டியை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். குசினிக்கு நேர்மேலே சிலேட்டில் ஒரு சதுரம் கீறினார்.

"அடுப்பு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவர் சட்டைக் கையால் அதை அழித்துவிட்டு, கொஞ்சம் இடப்பக்கமாகக் கீறினார்.