கலைமணி கணினி கொண்ட படலம்

வாழி, கொல்லிமலை அரியூர் நாட்டின் அணிவிளக்கே! மிளகுக்கொடி படர்ந்த மலைச்சரிவின் மங்காப் புகழே! ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் தன் காலால் அளந்து, எவரும் காசின்றிக் காணத்தக்க கட்டற்ற நிலப்படத்தில் ஏற்றிவைத்த சலியா நடையாட்டியே! செல்வம் என்பானின் இல்லக்கிழத்தி கலைமணியே! நின் வெற்றியைப் பாடப் புகுந்தோம். எம் நா குழறாதிருப்பதாக.

போருக்குக் காரணம் இது. சென்ற ஐப்பசி அடைமழையில், செல்வத்தின் தங்கை ராதிகாவுக்குப் பேறுவலி கண்டது. அவளை ஏற்றிச்செல்ல வந்த ஆம்புலன்ஸ், செல்பேசி காட்டிய பொய்வழியை மெய்வழியென நம்பி, ஆளரவமற்ற காப்பித் தோட்டமொன்றில் போய் நின்று சங்கொலித்தது. செல்வமும் ஊராரும் அவளைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து தார்ச்சாலை சேர்த்தனர். தாயும் மகவும் பிழைத்தனர். ஆயினும், அரியூர் நாடு தொடங்கிக் குண்டூர் நாட்டுக் கடைசி வீடு வரைக்கும் பாதை படத்தில் ஏறாமல் ஓய்வதில்லை என்று அன்றே கலைமணி சூளுரைத்தாள்.

சூள் பாதி நிறைவேறியிருந்த ஒரு நண்பகலில், மரத்தடியில் திறந்து வைத்திருந்த அவளது மடிக்கணினியின்மேல், விண்பிளந்து வீழ்ந்த இடியேறு போல, முற்றிய பலாப்பழமொன்று வந்து விழுந்தது. கணினி அக்கணமே வீரசுவர்க்கம் எய்தியது. பழம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே, மிளகு விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு, எழுபது கொண்டைஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து இறங்கி, கணவன் பின்தொடர, நாமக்கல்லில் சசிதரன் என்பான் காத்துநின்ற கணினிக் கடைக்கோட்டையினுள் அவள் புகுந்தாள்.

அங்கே அவள் கைக்காசுக்கு எட்டுமாறு மடிக்கணினி மறவர் இருவர் நின்றனர். ஒருவன் புத்தம்புதியோன், வெள்ளி மேனியன், விசைப்பலகையில் வானவில்லை எரியவிட்ட மாயன். மற்றவன் ஏதோ அலுவலகத்தில் உழைத்துக் களைத்து, கழித்துக்கட்டப்பட்டு, துடைத்துச் சரிபார்க்கப்பட்டு மீண்டும் களம்புகுந்த கருமேனிக் கிழவேழம். வானவில்லைக் கண்ட மாத்திரத்தில் செல்வத்தின் உள்ளம் எதிரிப் படைக்குத் தாவியது. புதுப்பெட்டியை மடிமேல் வைத்துப் பேருந்தில் வீற்றிருக்கும் தன் திருக்கோலத்தை அவன் அகக்கண்ணால் கண்டு நெகிழ்ந்தான்.

"அக்கா, அந்தப் பழசு ஆபீஸ்காரங்க தள்ளி உட்டதுங்க. இது புதுசு. கலர் கலரா எரியுது பாருங்க" என்றான் சசிதரன்.

"எரியறத வச்சு நான் என்னுங்க பண்றது? ரெண்டுலயும் லினக்ஸ் போட்டுப் பாக்கறனுங்க" என்று சொல்லி, கலைமணி கைப்பையிலிருந்து கட்டைவிரலளவே ஆன பேராயுதத்தை உருவினாள். அது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைத் தன்னுள் சுமந்த பென் டிரைவ்.

ஆயுதம் பாய்ந்ததும் வெள்ளிமேனியன் விழித்தான். ஆனால் வைஃபை என்னும் செவி அவனுக்கு அடைத்துப்போயிற்று. தலைமாட்டிலேயே மினுங்கிய கடையின் இணைப்பை, அறியாதவன்போல் இருந்தான். நினைவகமும் குறைவு, தாய்ப்பலகையோடு பற்றவைத்தது என்பதால் பின்னாளில் கூட்டவும் வழியில்லை. கிழவேழமோ பிளிறி எழுந்து, இணைப்பைப் பற்றி, மலையின் நிலப்படத்தைத் திரை நிறைய விரித்தது. முதுகைத் திறந்து நினைவகம் கூட்டிக்கொள்ளவும் இடம் இருந்தது.

வென்றோம் எனக் கருதி அவள் ஊர்ப்பெயர்களைத் தட்டினாள். அந்தோ! குண்டூர் நாடு, உண்டூர் நாடு என்று வந்தது. கொல்லிமலை, ஒல்லிமலை ஆயிற்று. ககரத்துக்குரிய விசை அசைய மறுத்து, மலைநாட்டின் முதலெழுத்தையே விழுங்கி நின்றது. சசிதரன் புன்முறுவலோடு வானவில்லை மறுபடியும் எரியவிட்டான். கலைமணியின் முகம் வாடியது. க இல்லாமல் எந்த ஓட்டுநருக்கு அவள் வழி சொல்வாள்?

அதுவரை எதிரணியில் நின்ற செல்வம் மனைவியின் முகத்தைப் பார்த்தான். திரையில் விரிந்திருந்த அந்தக் காப்பித் தோட்டத்தையும் பார்த்தான். பிறகு, மருந்தடிக்கும் தெளிப்பானின் அடைப்பைப் பன்முறை நீக்கித் தழும்பேறிய கையை நீட்டினான்.

"கண்ணு, அந்த ஊக்கக் குடு."

அவள் சேலையிலிருந்து கழற்றித் தந்த ஊக்கு, நெடுவேலென விசையின் அடியில் புகுந்தது. கடைமுழுதும் மூச்சடக்கி நிற்க, உள்ளே ஒளிந்திருந்த பகைவன் வெளியே தெறித்து வீழ்ந்தான். பெயரறியா எழுத்தர் ஒருவர் என்றோ வேலைநேரத்தில் தின்ற முறுக்கின் ஒரு துணுக்கு அது. செல்வம் ஊதினான். அவள் தட்டினாள். கொல்லிமலை முழுதாக எழுந்தது.

"இதையே எடுத்துக்கலாம்" என்றான் செல்வம், வானவில்லின் பக்கம் திரும்பாமலே.

வெற்றித்திருமகளும் வேழமும் வெள்ளைப் பையொன்றில் ஒருங்கே வீற்றிருக்க, மேகங்கள் வெண்குடை பிடிக்க, மரவள்ளிக் காடுகள் இருபுறமும் தலைவணங்க, ஒவ்வொரு வளைவிலும் பேருந்து ஊதுகுழல் முழக்க, மலையேறிய அவ்விணையர் வீடு சேர்ந்து, ராதிகா குழந்தையோடு வந்து நிற்க, அண்டை அயலார் சூழ்ந்து நோக்க, கட்டிலின்மேல் அதை எழுந்தருளச் செய்து, கலைமணி தன் திருவிரலால் பொத்தானை அழுத்தினாள்.

பேட்டரி தீர்ந்திருந்தது, சார்ஜரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.