தள்ளு பார்த்த மலை

அட்டை கடித்தாலும் மழை அடித்தாலும் அசையாதவர்கள் எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நிறையப் பேர். ஆனால் எதிலும் ஐந்து நொடிக்கு மேல் நிற்காத பிள்ளை, ஆண்டவன் படைப்பிலேயே எங்கள் லயத்துத் தள்ளு ஒருத்திதான்.

போனில் குட்டி வீடியோக்களைத் தள்ளித் தள்ளியே பார்ப்பாள், அதனால் அந்தப் பெயர். லயம் என்றால் வரிசை வீடுகள்தானே, அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அரைப் பாட்டு, அரைச் சமையல், அரைச் சிரிப்பு என்று எல்லாம் எனக்கும் பாதிப் பாதிதான் கேட்கும். ஒரு பக்கச் சடை மட்டும் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். மாரியம்மன் கோயிலில் பூசாரி மந்திரத்தை நீட்டினால், கும்பிட்ட கையில் கட்டைவிரல் தானாக மேலே தள்ளும். அதைப் பார்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

தவணைப் பரீட்சையில் கணிதம் பெயில். கொழுந்து எடுக்கிற அவள் அம்மா கூடையை இறக்காமலே சொன்னாள்: "ஓ.எல். பரீட்சையிலயும் இப்புடி வந்துச்சுன்னா கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலதான். சொல்லிட்டேன்!"

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழக்கினாராம்.

"எப்புடிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"போங்க மாமா. வந்த மூச்சே திரும்பத் திரும்ப வருது. நான் கண்ணத் தொறந்துக்கிட்டே செஞ்சு பாக்குறேன்."

மறுநாள் போனை எங்கள் அரிசி டின்னுக்குள் போட்டாள். "சாமி சத்தியமா, கேட்டாலும் குடுக்காதீங்க." சோறாக்கப் போன என் மனைவி, அரிசிக்குள் பாட்டுக் கேட்டு அலறினாள்.

தள்ளு வாசல் கல்லில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்தாள். அங்கே அவள் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு நிரைச் செடி முடிக்கும்வரை கண்ணை எடுக்கக் கூடாது, பிறகுதான் கணக்குப் புத்தகம். சட்டம் அவளே போட்டது. முதல் நாள் மூன்று செடியோடு சரி. "அம்மா ரொம்ப ஸ்லோ மாமா!"

மாதம் போகப் போக முழு நிரை வந்தது. பனி மூடினால் பனியைப் பார்த்தாள். மூக்கில் உட்கார்ந்த ஈக்கே அலுத்துப் போகும்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவை வாசலிலேயே மறித்தாள்.

"நாலு செடிக்கு ஒருக்கா நின்னு இடுப்பப் புடிக்கிற. எத்தன நாளா வலி?"

"யாருடி ஒனக்குச் சொன்னா?"

"நீதான் சொல்லல. பாத்தேன்."

பதினாறு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. மறுநாளே தள்ளு அம்மாவை இழுத்துக்கொண்டு பண்டாரவளைக்கு மருந்தெடுக்கப் போனாள்.

ஓ.எல்.லில் கணிதம் பாஸ். கார்மென்ட்ஸ் என்று மிரட்டிய வாயாலேயே அவள் அம்மா லயம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

நானும் நாற்பது வருஷமாகக் கும்பிடுகிறேன். அந்தப் பிள்ளை தன் அம்மாவைப் பார்த்த மாதிரி, ஒரு நாளாவது நான் அம்மனைப் பார்த்திருப்பேனா, தெரியவில்லை.