டில்லிக்குப் போகும் துண்டு

சாலவாக்கம்,
புரட்டாசி மாதம், 1981.

கோட்டையில் நிதி இலாகா டபேதாராய் விளங்கும் என் மச்சினன் பஞ்சாட்சரத்துக்கு, மாட்டுத் தரகு முத்துவேல் மாமா ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே நானும் உன் அக்கா கனகாவும் கறவை மாடும் சுகம். அங்கே நீயும் கஜானாவும் சுகமா என்று எழுதவும்.

நிற்க, உங்க பெரிய ஆபீசர் நம்ம மாநிலத்துக்குப் பணம் கேக்க டில்லி போறாராம், ஃபைல் கட்டைத் தூக்கிக்கினு நீயும் போறியாம். நீதான் பேசப் போறேன்னு உன் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கினு கீறா, அதை நான் ஏன் கெடுக்கணும். ஆனா விஷயம் கீது. போன மழையில பேந்த ஏரி மதகு இன்னும் அப்படியே கீது. ஐப்பசி மழைக்குள்ள அடைக்கலன்னா வர்ற தண்ணியெல்லாம் ஓடையில பூடும், சம்பா கிடையாது. ஓவர்சீயரைக் கேட்டா டில்லி குடுக்கணும்ன்றார். டில்லி, உன் பங்கை முதல்ல வைன்னு சொல்லுதாம். வரியெல்லாம் வாரிக்கினு போனது நீதானேன்னு நம்ம ஆளுங்க கேக்கறாங்களாம். எனக்கு உடனே புரிஞ்சிடுச்சி. தரகுக் காசை உன் அக்கா வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கிறா, பீடிக்குக் கேட்டா போன வாரம் குடுத்ததுக்குக் கணக்கு கேக்கறா. எங்க வூட்டு டில்லி அடுப்பாண்ட குந்திக்கினு கீது.

வழி சொல்றேன் கேளு. வாயால கேக்கறதே தப்பு. நமக்குக் குடுத்தது பக்கத்து மாநிலத்துக் காதுல விழுந்தா அவனும் வந்து நிப்பான், டில்லி எப்படிக் குடுக்கும்? மாட்டுச் சந்தையில கை மேல துண்டைப் போட்டு மூடி, யாருக்கும் தெரியாம உள்ளே விரலைப் புடிக்கிறோம். குடுக்கறவன் எத்தினி விரலைப் புடிச்சானோ அதான் விலை. புடிச்சிட்டா பேச்சு மாறக் கூடாது. வாலாஜாபாத்துல புதுத் துண்டு வாங்கி இத்தோட அனுப்பறேன், ஆபீசர் கையில குடு.

சந்தேகப்படாதே, நேத்து டீக்கடையில ஓவர்சீயர்கிட்டயே அதைப் போட்டுப் பாத்துட்டேன். "ஐயா, விரலுக்குப் பத்து மூட்டை சிமெண்டு. மதகுக்கு எத்தினி?"ன்னேன். பாவம், கை குலுக்கறேன்னு நெனச்சி அஞ்சையும் சேத்துப் புடிச்சிட்டார். நாங்க மூணுதான் கேட்டிருப்போம். வழக்கத்துக்கு விரோதமா துண்டை நானே எடுத்துக் காட்டிட்டேன். கடையே "முடிஞ்சது"ன்னு எழுந்து நின்னுச்சி. மனுசன் டீயைக்கூட முடிக்காம சைக்கிள் ஏறிட்டார்.

டில்லியில குளிராம், கம்பளி எடுத்துக்கினு போ. உன் ரயிலையும் எங்க ஏரியையும் அம்மன் ஒரே கண்ணால பாத்துக்கட்டும். குழந்தைங்களுக்கு என் முத்தம், உன் ஆபீசருக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் மாமா
முத்துவேல்

பி.கு.: உத்திரமேரூர் தபாலாபீசுக்குப் போற ஆள் கிடைக்காம கடுதாசி இங்கேயே தங்கிடுச்சி. அதுக்குள்ள ஓவர்சீயர் வண்டி கட்டி சிமெண்டு அனுப்பிட்டார், எங்கியோ பாலம் கட்டின மிச்சமாம். அவரும் ஒரு பசு வாங்கணுமே, தரகன்கிட்ட பேச்சு மாறினா எந்தச் சந்தையில கிடைக்கும்? ஊரே சேத்துல இறங்கி மதகை அடைச்சாச்சு. நேத்து பேஞ்ச மழை ஏரியில நிக்குது. டில்லியில மூச்சு விடாதே. தானே செஞ்சிக்கிறவனுக்குக் காசு இன்னாத்துக்குன்னு கேட்டுடுவாங்க. மதகு பேந்தே கீதுன்னு சொல்லு. துண்டு வராது, உன் அக்கா அதைச் சும்மாடு கட்டி மண் சுமந்துட்டா. ஆபீசரை வாயாலயே கேக்கச் சொல்லு.